தலை அசைந்த படம்

ஆம்பூர்
2 செப்டம்பர் 2002

அன்புள்ள ஜெயா,

"இங்கு அனைவரும் சுகம்" என்று பழக்கத்தில் எழுதிவிட்டு அடித்திருக்கிறேன். மேலே தெரியும். புதுத்தாள் எடுக்க மனமில்லை. எடுத்தால் இன்றும் எழுதாமல் விட்டுவிடுவேன்.

ஜூன் மாதத்திலிருந்து அக்கா போனில் சரியாகப் பேசுவதில்லை, என் மேல் என்ன கோபம் என்று உன் மாமாவிடம் கேட்டாயாம். கோபம் இல்லை தம்பி. பேசும்போது சொல் நின்றுவிடுகிறது. எதிரில் ஆள் இருந்தால் கையைக் காட்டிச் சமாளித்துவிடுவேன். போனில் அது முடியாது. எழுதும்போது சொல் வரும்வரை பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கலாம், யாருக்கும் தெரியாது.

ஜூனில் எட்டாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினேன். வலது கன்னமும் வலது கையும் தானாக வெட்டி இழுத்தன. பிள்ளைகள் நான் ஏதோ நடித்துக் காட்டுகிறேன் என்று சிரித்தார்கள். "உட்காருங்கள்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். மூச்சுதான் வந்தது. அடுத்த வகுப்பிலிருந்த உருது டீச்சர் சுகரா பேகம் சத்தம் கேட்டு ஓடிவந்து, விழுவதற்குள் பிடித்துக்கொண்டாள்.

வேலூரில் ஸ்கேன் எடுத்தார்கள். இடது காதுக்கு மேலே, மூளைக்குள், ஒரு கட்டி. மெதுவாக வளர்கிற ஜாதி என்றும், பல வருடமாகவே இருந்திருக்கும் என்றும் சர்ஜன் சொன்னார். எடுத்துவிடலாம், ஆனால் பெரும்பாலானவர்களுக்குப் பேச்சு இருப்பதும் அந்தப் பக்கத்தில்தான் என்றார். நான் இடது கைக்காரி. இடது கைக்காரர்களில் சிலருக்குப் பேச்சு வலது பக்கத்தில் இருக்குமாம். அதைக் கண்டுபிடிக்கச் சென்னையில் ஒரு ஸ்கேன் சென்டருக்கு அனுப்பினார்.

அந்தக் குழாய்க்குள் தலையைப் பஞ்சு வைத்து இறுக்கினார்கள். கண்ணுக்கு மேலே சின்னக் கண்ணாடி. அதில் "க" என்று ஒரு எழுத்து வரும். அதில் தொடங்கும் சொற்களை வாயைத் திறக்காமல் மனதில் நினைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு எழுத்து மறையும், சும்மா படுத்திருக்க வேண்டும். பிறகு "ம" வரும். சத்தம் தகரக் கொட்டகையில் கல் மழை பெய்வது போல. தலை கொஞ்சம் அசைந்தது என்றார்கள். பரவாயில்லை, கம்ப்யூட்டர் நேராக்கிவிடும் என்றும் சொன்னார்கள்.

பேச்சு வலது பக்கத்தில் இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்துவிட்டது. அப்படியானால் மயக்கம் கொடுத்துக் கட்டியை முழுவதுமாக எடுத்துவிடலாம் என்கிறார் சர்ஜன். அக்டோபர் 21 நாள் குறித்தாயிற்று. திரும்பி வரும்போது, கல்யாணமாகி இத்தனை வருடத்தில் முதல் முறையாக, உன் மாமா ஆற்காட்டில் பஸ்ஸிலிருந்து இறங்கி எனக்கு மக்கன் பேடா இனிப்பு வாங்கிவந்தார் என்றால் பார்த்துக்கொள்.

பக்கவாதம் வந்து கிடந்த அம்மாவிடம் கடைசியில் ஒரே சொல்தான் மிச்சம் இருந்தது, "அப்புறம்". தண்ணீர் வேண்டுமென்றாலும் அப்புறம், வலித்தாலும் அப்புறம். நீ அப்போது ஹாஸ்டலில் இருந்தாய், பக்கத்தில் இருந்து கேட்டவள் நான். எனக்குச் சாவதற்கு அவ்வளவு பயமில்லை ஜெயா.

படங்கள் உள்ள சிடியை இத்துடன் வைத்திருக்கிறேன். இந்த மாதிரிப் படங்களைத் திருத்துவதுதான் உன் வேலை என்று சொல்லியிருக்கிறாய். பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று இரண்டு வரி எழுது.

அன்புடன்,
ஃபீபி அக்கா

*

லைப்சிக், ஜெர்மனி
15 செப்டம்பர் 2002

அன்புள்ள அக்கா,

மூன்று மாதமாக என்னிடம் மறைத்திருக்கிறாய். அதற்கு உன்னிடம் சண்டை போட வேண்டும், இப்போது அதற்குத் தெம்பில்லை.

உன் கவர் வந்தது. சிடியை மேசை மேல் வைத்துவிட்டு அதைத் தொடாமல் சுற்றிக்கொண்டிருந்தேன். ஊர் பேர் தெரியாதவர்களின் மூளையைத் தினமும் பார்க்கிறேன், அவர்களுக்கெல்லாம் எண்தான் பெயர். உன்னுடையதைத் திறந்தபோது அதில் உன் மூக்கும் நெற்றியும் பக்கவாட்டில் தெரிந்தன. எழுந்து வெளியே போய்விட்டேன்.

இரண்டு வரிதான் கேட்டாய். அது என்னால் முடியவில்லை. பொறுமையாகப் படி.

இந்த ஸ்கேன் ஒரே படம் இல்லை. சில நொடிகளுக்கு ஒரு முறை மூளை முழுவதையும் படம் எடுத்து அடுக்கிக்கொண்டே போகும். நூற்றுக்கணக்கான படங்கள். எழுத்து தெரிந்தபோது எந்த இடம் கொஞ்சம் பிரகாசமானது, மறைந்தபோது எந்த இடம் மங்கியது என்று பார்த்து, அங்கே பேச்சு இருக்கிறது என்கிறோம். அதற்கு எல்லாப் படமும் ஒன்றன் மேல் ஒன்று சரியாக உட்கார வேண்டும். மாமாவின் ஷூ கம்பெனியில், கட்டிங் செக்ஷனில், லைனிங் துணியைப் பல அடுக்காகப் போட்டு டை என்கிற வெட்டும் அச்சை வைத்து அழுத்துவார்களே, நடுவில் ஒரு அடுக்கு நழுவினால் அந்தத் துண்டு வேறு அளவில் வந்துவிடும். அது மாதிரிதான். தலை அசைந்தால் ஒவ்வொரு படத்தையும் நகர்த்தி, திருப்பி, முதல் படத்தோடு பொருத்துவோம். சென்னையில் அதைச் செய்திருக்கிறார்கள், ஒழுங்காகவே செய்திருக்கிறார்கள்.

ஆனால் பொருத்திய பிறகும் அசைவின் சுவடு முழுவதும் போகாது. மூளை முடிந்து எலும்பு தொடங்கும் ஓரத்தில் வெளிச்சமும் இருட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. தலை ஒரு மயிரிழை புரண்டாலும் அங்கே வெளிச்சம் மாறும். அது எப்போதாவது நடந்தால் கண்டுபிடித்துவிடலாம். உன் தலை எழுத்து வரும்போதெல்லாம் அசைந்திருக்கிறது அக்கா. எழுத்து மறைந்தால் நிற்கிறது, அடுத்தது வந்தால் மறுபடி அசைகிறது. சொல்லுக்கும் அசைவுக்கும் ஒரே தாளம். கம்ப்யூட்டர் அதைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டது. ரிப்போர்ட்டில் வலது பக்கம் சிவப்பாகத் தெரிவது ஓரத்தை ஒட்டிய ஒரு பிறை. பேச்சு அப்படிப் பிறை போல இருக்காது.

அசைவின் கணக்கையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தேன். வலது பக்கச் சிவப்பு போய்விட்டது. இடது பக்கமும் ஏறக்குறைய போய்விட்டது. இரண்டும் ஒரே தாளத்தில் இருப்பதால் ஒன்றை நீக்கினால் மற்றதும் கூடவே போகிறது. உன் பேச்சு எந்தப் பக்கம் என்று இந்தப் படத்தை வைத்து எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வேறு யாராலும் சொல்ல முடியாது என்றுதான் நினைக்கிறேன்.

அக்டோபர் 21-ஆம் தேதி வேண்டாம். இன்னொரு முறை ஸ்கேன் எடுக்க வேண்டும். சர்ஜனுக்குத் தனியாக ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கிறேன், மாமாவிடம் கொடுத்தனுப்பு.

நான் சொல்வது தப்பாக இருக்கக் கூடாதா என்றுதான் இப்போதும் இருக்கிறது.

ஜெயா

*

ஆம்பூர்
27 செப்டம்பர் 2002

ஜெயா,

உன் கடிதத்தை உன் மாமா வேலூருக்குக் கொண்டுபோனார். சர்ஜன் படித்துவிட்டுச் சென்னைக்குப் போன் செய்தாராம். அசைவு திருத்தியாகிவிட்டது, அளவுக்குள்தான் இருக்கிறது என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் சர்ஜன், "சந்தேகம்னு வந்துட்டா நான் கத்திய எடுக்க மாட்டேன். மறுபடியும் எடுத்துட்டு வாங்க" என்று தேதியை ரத்து செய்துவிட்டார்.

உன் மாமா வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு சொன்னார்: "சென்னையில இருக்கறவன் தலயத் தொட்டுப் பாத்துப் பேசறான். ஒன் தம்பி அங்க உக்காந்துகினு படத்தப் பாத்துப் பேசறான். நான் யார நம்பறது?" எனக்கும் தெரியாது.

ஒரு மாதம் நிம்மதியாகத் தூங்கினேன் ஜெயா. வலது பக்கம் இருக்கிறது, வலது பக்கம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே தூங்கினேன். அதை எடுத்துவிட்டாய். எடுத்துவிட்டு, தெரியவில்லை என்கிறாய். தெரியவில்லை என்பதை நான் எங்கே வைத்துக்கொள்வது?

வரும் ஞாயிறு ஆராதனையில் வாசிக்க வேண்டிய வேதபாடத்தை நேற்று பார்த்துக்கொண்டிருந்தபோது மறுபடி கன்னம் இழுத்தது. முன்பைவிட ஜாஸ்தி நேரம். அது நின்ற பிறகு, சமையலறையில் இருந்த சாமான்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பெயர் சொல்லிப் பார்த்தேன். கரண்டி வரவில்லை. கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தலை ஏன் எழுத்து வரும்போதெல்லாம் அசைந்தது என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். அந்தச் சத்தத்துக்குள் மனதில் நினைக்கிற சொல் உண்மையாகவே இருக்கிறதா, இல்லை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறதா என்று தெரியவில்லை. அதனால் ஒவ்வொன்றையும் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தேன். கடல் என்றேன். கயிறு என்றேன். வருகிறதா, இன்னும் வருகிறதா என்று பார்த்தேன். அசையக் கூடாது என்று தெரியும். சொல்லாமல் இருக்கத் தைரியம் இல்லை.

இன்னொரு முறை அதற்குள் போகச் சொல்லாதே.

ஃபீபி

*

லைப்சிக்
8 அக்டோபர் 2002

அன்புள்ள அக்கா,

நீ எழுதியதைப் படித்த பிறகு அந்த அசைவுக் கோட்டை மறுபடி திறந்து பார்த்தேன். கோட்டில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சிறு மேடு. இத்தனை நாளும் அதைப் பிழை என்றுதான் பார்த்தேன். ஒவ்வொரு மேட்டிலும் நீ ஒரு சொல்லைத் தொட்டுப் பார்த்திருக்கிறாய்.

மாமா கேட்டது நியாயம்தான். என்னையும் நம்ப வேண்டாம் என்று, பெயரும் ரிப்போர்ட்டும் காட்டாமல் படங்களை என் கூட வேலை செய்கிறவரிடம் கொடுத்தேன். அவரும் இதை வைத்து எதையும் சொல்ல முடியாது என்றுதான் சொன்னார்.

எனக்கும் பயம்தான். நான் தடுத்ததால் தள்ளிப்போகும் நாட்களில் கட்டி வளர்ந்துவிட்டால், அடுத்த இழுப்பு உன்னைக் கீழே தள்ளிவிட்டால், அது என் தலையில்தான் விழும். ஆனால் அந்தப் படத்தை நம்பி வெட்டினால் என்னவாகும் என்ற நினைப்பு அதைவிட மோசமாக இருக்கிறது. நான் கேட்டுக்கொண்டுதான் ஆக வேண்டும், இன்னொரு முறை உள்ளே போ.

இந்தத் தடவை சொற்களை நினைக்கவே வேண்டாம். காதில் ஒருவர் கதை படிப்பார், நீ கேட்டால் போதும். நடுநடுவே அதே குரலைத் தலைகீழாக ஓட்டுவார்கள், அதில் பொருள் இருக்காது. கேட்பதற்கு உதடு வேண்டியதில்லை. ஒரே மூச்சாக எடுக்காமல் சின்னச் சின்னதாக எடுக்கச் சொல்லியிருக்கிறேன். நெற்றியின் குறுக்கே, இரண்டு பக்கமும் ஒட்டி, ஒரு பிளாஸ்திரி போடுவார்கள். அது இறுக்குவதற்கு இல்லை. தலை நகரத் தொடங்கினால் தோல் இழுபடும், உனக்கே முதலில் தெரிந்துவிடும்.

உலோகம் எதுவும் இல்லாமல் ஒருவர் உன் கூட அறைக்குள் நிற்கலாம் என்று சென்னையில் ஒப்புக்கொண்டார்கள். யார் என்று நீயே சொல்.

ஜெயா

*

ஆம்பூர்
11 நவம்பர் 2002

அன்புள்ள ஜெயா,

போய்விட்டு வந்தேன்.

போவதில்லை என்றுதான் இருந்தேன். ஸ்டாஃப் ரூமில் சுகராவிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். நான் வர்றேன் என்றாள். நோன்பு வைத்துக்கொண்டு சென்னை வரைக்கும் அலைய வேண்டாம் என்றேன். அவள் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. வளையல், தோடு, முக்காட்டில் குத்தியிருந்த ஊசி எல்லாவற்றையும் கழற்றி உன் மாமாவின் கைக்குட்டையில் முடிந்து கொடுத்துவிட்டு என்னோடு உள்ளே வந்தாள்.

மேசையில் படுத்ததுமே எழுந்து ஓடிவிட வேண்டும் போல் இருந்தது. பிளாஸ்திரி ஒட்டினார்கள். மேசை உள்ளே நகர்ந்தது. சுகரா என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டாள். "ஃபீபி, நீ ஒண்ணும் பண்ணாத. நான் வுடமாட்டேன்" என்றாள். பிறகு சத்தம் தொடங்கிவிட்டது.

காதில் ஒரு பெண் குரல், ஒரு குருவியின் கதை. நல்ல தமிழ், ஆனால் ழகரம் சரியில்லை. திருத்த வேண்டும் போல் இருந்தது, திருத்தவில்லை. தலைகீழாக ஓடிய பகுதிதான் பயங்கரம். குரல் இருக்கிறது, ஏற்றம் இறக்கம் இருக்கிறது, ஒன்றும் புரியவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு எல்லோரும் எனக்கு இப்படித்தான் கேட்பார்களோ என்று நினைத்தேன். அழுகை வந்துவிட்டது. கண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து காதுக்குள் இறங்கியது, அரித்தது. துடைக்கவில்லை. ஒரு முறை பிளாஸ்திரி இழுத்தது, உடனே நிறுத்திக்கொண்டேன்.

வெளியே வந்தபோது சுகராவின் விரல்கள் விறைத்துப்போயிருந்தன. இரும்புப் பெஞ்சில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் மக்ரிப் பாங்கு கேட்டு நோன்பு திறக்கும் வரைக்கும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

சிடியைக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். எதுவானாலும் முதலில் எனக்கு எழுது. உன் மாமாவுக்குப் போன் செய்துவிடாதே. அவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள விரும்பவில்லை.

ஃபீபி அக்கா

*

லைப்சிக்
19 நவம்பர் 2002

அன்புள்ள அக்கா,

நீ அசையவே இல்லை. ஒரே ஒரு இடத்தில் சின்ன நகர்வு, உடனே நின்றிருக்கிறது. ஆராய்ச்சிக்காக ஸ்கேனில் படுக்கும் எங்கள் மாணவர்கள்கூட இப்படிப் படுத்ததில்லை.

சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். உன் பேச்சு இடது பக்கத்தில்தான் இருக்கிறது. கட்டியின் பின் ஓரத்தை ஒட்டி, தொட்டுக்கொண்டு என்றே சொல்லலாம். கட்டி அழுத்துவதால் மங்கலாகத் தெரிகிறது, ஆனால் ஒவ்வொரு பகுதியிலும் அதே இடத்தில் வருகிறது. வலது பக்கம் சொல்லும்படி ஒன்றும் இல்லை.

நாம் நம்பியிருந்தது அந்தப் பக்கத்தை. அதை நம்பித்தான் இடது பக்கத்தில் முழுவதுமாக வெட்ட இருந்தார்கள்.

சர்ஜனோடு பேசினேன். இரண்டு வழி சொல்கிறார். ஒன்று, ஆபத்தில்லாத முன் பகுதியை மட்டும் கொஞ்சம் எடுத்துவிட்டு மாத்திரையில் ஓட்டுவது. இன்னொன்று, உன்னை விழிக்க வைத்துச் செய்வது. மண்டையைத் திறக்கும்போது தூங்க வைப்பார்கள், பிறகு எழுப்புவார்கள். மூளைக்கு வலி தெரியாது. படங்களைக் காட்டிப் பெயர் சொல்லச் சொல்வார்கள். வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு இடத்தையும் சின்ன மின்சாரத்தால் தொடுவார். பேச்சுள்ள இடமானால் நீ ஒரு கணம் நின்றுவிடுவாய், அந்த இடத்தை விட்டுவிடுவார். நான் அனுப்பும் படம் எங்கே தேட வேண்டும் என்றுதான் சொல்லும். கடைசியில் வழி காட்டப்போவது நீ பேசுவதுதான்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஜனவரியில் நான் அங்கே இருப்பேன்.

ஜெயா

*

ஆம்பூர்
2 டிசம்பர் 2002

அன்புள்ள ஜெயா,

விழித்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

தைரியம் என்று நினைக்காதே. தூங்கி எழுந்து, போய்விட்டதா இருக்கிறதா என்று தேடுவதைவிட, போகும்போது கூடவே இருக்கலாம் என்று தோன்றியது. அதைச் சொன்ன மூன்றாவது நாள், மாதனூர் கம்பெனிக்குப் போகும் பஸ்ஸில் ஏறப்போன உன் மாமா, ஏறாமல் திரும்பி வந்துவிட்டார். "ஒனக்கு சரின்னா எனக்கும் சரி" என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

வரும்போது கதகதப்பான உடை கொண்டுவராதே, இங்கே அவ்வளவு குளிர் இல்லை. சீக்கிரம் வா.

ஃபீபி அக்கா

*

லைப்சிக்
20 பிப்ரவரி 2003

அன்புள்ள அக்கா,

லீவு முடிந்து உன்னை அந்த நிலையில் விட்டுவிட்டு விமானம் ஏறியதை என்னால் தாங்க முடியவில்லை. நான் கிளம்பிய அன்று உன்னிடம் நாலைந்து சொற்களே இருந்தன. ஆபரேஷனுக்குப் பிறகு வீக்கம் இருக்கும், வாரங்கள் ஆகும், திரும்பிவிடும் என்று சர்ஜன் சொன்னதை எல்லோருக்கும் விளக்கிச் சொன்னவன் நான்தான். எனக்கே நம்பிக்கை இல்லாமல்தான் சொன்னேன்.

மாமாவுக்குப் போன் செய்தால் "பேசறா, மெதுவா பேசறா" என்கிறார். உன்னிடம் கொடுங்கள் என்றால் தூங்குகிறாய் என்கிறார். எப்போது செய்தாலும் தூங்குகிறாய்.

ஆபரேஷன் அன்று வெளியே நானும் மாமாவும் ஒரே பெஞ்சில் இருந்தோம். நடுவில் கதவு திறந்து ஒரு நர்ஸ் வந்து, "பேசிக்கிட்டே இருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு நெடுநேரம் யாரும் வரவில்லை. உள்ளே என்ன நடந்தது?

ஒரு வரி போதும். உன் கையெழுத்தில்.

ஜெயா

*

ஆம்பூர்
16 மார்ச் 2003

அன்புள்ள ஜெயா,

உன் மாமா பொய் சொல்லவில்லை. பேசுகிறேன், மெதுவாகப் பேசுகிறேன். நீ போன் செய்தபோதெல்லாம் தூங்கவும் இல்லை. பாதிச் சொல்லில் நான் நிற்பதைக் கேட்டு நீ அங்கே தனியாகக் கிடந்து பயப்படுவாய் என்று அவரை அப்படிச் சொல்லச் சொன்னேன். இந்தக் கடிதத்தை ஐந்து நாளாக எழுதுகிறேன். முன்பைவிட நேரம் எடுக்கிறது, ஆனால் யாரையும் கேட்டு எழுதவில்லை.

பள்ளிக்கு ஜூனில் போகலாம் என்கிறார்கள். இழுப்பு இதுவரை வரவில்லை. கட்டியில் பெரும்பகுதி போய்விட்டது. பின் ஓரத்தில் கொஞ்சம் விட்டுவைத்திருக்கிறார்கள். அது அங்கேயே இருக்கும், வளரவும் செய்யலாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும்.

உள்ளே என்ன நடந்தது என்று கேட்டாய்.

எழுப்பினார்கள். முகத்துக்கு மேலே பச்சைத் துணி, ஒரு பக்கம் மட்டும் திறந்திருந்தது. அந்தப் பக்கத்தில் ஒரு பெண் டாக்டர் உட்கார்ந்து அட்டைகளைக் காட்டினார். பசு என்றேன். சாவி, நாற்காலி, மீன். நடுவில் பேசிக்கொண்டே இருக்கச் சொன்னார்கள். பயத்தில் எதைப் பேசுவதென்று தெரியாமல், கேஸ் சிலிண்டர் தீரப்போகிறது, உன் மாமா பதிவு செய்ய மறந்திருப்பார் என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். துணிக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். என் மண்டை திறந்திருக்கும்போது சிரிக்கிறார்கள், அப்படியானால் எல்லாம் சரியாகத்தான் போகிறது என்று நினைத்தேன்.

பிறகு அடுத்த அட்டை. மழைக்குப் பிடிப்பது. கறுப்புத் துணி, வளைந்த பிடி. எனக்குத் தெரிகிறது. அதன் முதல் எழுத்து தொண்டையில் நிற்கிறது. வாய் வரவில்லை ஜெயா. வாய் என்று ஒன்று இருந்ததே மறந்துபோனது. டாக்டரின் கண்ணைப் பார்த்தேன். அவர் அட்டையைக் கீழே இறக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார். அம்மா அந்தக் கட்டிலில் கிடந்து இப்படித்தான் என்னைப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்தேன்.

தலைக்குப் பின்னாலிருந்து சர்ஜனின் குரல் வந்தது. "இங்க வேணாம். இத வுட்ருவோம்."

அவர் கையை எடுத்திருப்பார் போலிருக்கிறது. வாய் திரும்பி வந்தது.

"குடை" என்றேன்.

சரிம்மா என்றார் அந்த டாக்டர். அடுத்த அட்டையை எடுத்தார். நான் அதைப் பார்க்கவில்லை. குடை, குடை என்று சொல்லிக்கொண்டே இருந்தேன், போதும்மா, தெரிஞ்சிடுச்சி என்று அவர் என் கையைத் தொடும்வரைக்கும்.

ஃபீபி அக்கா